வாசகர் கேள்வி – பதில்: பிக்சல் விளக்குகளுக்குச் சேனலும் கன்ட்ரோலரும் ஒதுக்குவது எப்படி?

ஆர்ஜிபி பிக்சல் (ஒவ்வொன்றின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய விளக்கு) அலங்காரம் குறித்து வந்த கடிதங்களில், சேனல் (ஒரு விளக்கின் ஒரு நிறத்துக்கான வெளிச்ச அளவைச் சுமக்கும் தடம்) ஒதுக்கீட்டையும் கன்ட்ரோலர் (கணினியின் கட்டளைகளைப் பெற்று விளக்குகளுக்கு அனுப்பும் பெட்டி) அமைப்பையும் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எந்த மென்பொருள் என்று குறிப்பிடாதவர்களின் கேள்விகளுக்கு, அவர்கள் விளக்குக் காட்சிகளை அமைக்கும் எக்ஸ்லைட்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவதாகக் கொண்டு பதில் தரப்பட்டிருக்கிறது. மற்ற மென்பொருள்களிலும் கணக்கு இதுவே. பட்டியல்களின் பெயர்கள் மட்டும் மாறும்.

கேள்வி: கூரையின் முன்விளிம்பில் 400 பிக்சல்கள், தலா 50 பிக்சல் கொண்ட நான்கு வளைவுகள், 50 பிக்சல் சரங்கள் 16 சேர்ந்த ஒரு கூம்பு மரம் ஆகியவற்றை அமைக்க எண்ணியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் தொடக்கச் சேனல் எது என்று மென்பொருள் கேட்கிறது. எந்த எண்ணில் தொடங்கி எப்படிப் பகிர்ந்து கொடுப்பது?

பதில்: சேனல் எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். எந்தப் பொருள் கன்ட்ரோலரின் எந்தப் போர்ட்டில் (விளக்குச் சரத்தை இணைக்கும் வாயில்) இணையப்போகிறது, வயர் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே நுழைகிறது, பிக்சல்கள் எந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன என்ற மூன்றையும் முதலில் ஒரு தாளில் வரைந்துவிட்டால், சேனல் எண் அந்தப் படத்திலிருந்து தானாகவே வந்துவிடும். எண்ணை முதலில் வைத்துக்கொண்டு வயரை அதற்கேற்ப வளைக்க முயல்பவர்கள்தான், விளக்குகளை ஏற்றிய பிறகு ஏணியும் கையுமாக நிற்க நேர்கிறது.

உங்கள் மொத்தம் 1,400 பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்கள். ஆகவே 4,200 சேனல்கள். இவை 512 சேனல்கள் கொண்ட யுனிவர்ஸ்களாகப் பிரிக்கப்படுகின்றன. மேடை விளக்குகளை இயக்குவதற்காக 1986இல் உருவான டிஎம்எக்ஸ்512 என்ற தரத்திலிருந்து வந்த எண் இது. அப்போது ஒரு விளக்குக்கு ஒரு சேனல் என்பதே வழக்கமாக இருந்ததால், 512 என்பது 3ஆல் மீதமின்றி வகுபடாது என்பது யாரையும் உறுத்தவில்லை. நமக்கு அது உறுத்துகிறது: ஒரு யுனிவர்ஸில் 170 முழுப் பிக்சல்கள் 510 சேனல்களை எடுத்துக்கொள்ள, இரண்டு சேனல்கள் மிஞ்சிவிடுகின்றன. அந்த இரண்டையும் வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த யுனிவர்ஸின் முதல் சேனலில் 171ஆவது பிக்சலைத் தொடங்குவது ஒரு வழி. 171ஆவது பிக்சலின் சிவப்பையும் பச்சையையும் அங்கேயே வைத்து, நீலத்தை மட்டும் அடுத்த யுனிவர்ஸுக்குத் தள்ளுவது இன்னொரு வழி. இரண்டும் சரியானவையே. புதிதாகத் தொடங்குபவருக்கு 510 முறையையே பரிந்துரைப்பேன். கோளாறு வந்தால் கையால் கணக்குப் போட்டுப் பார்க்க அது எளிது.

இனி உங்கள் அமைப்புக்கு வருவோம். கன்ட்ரோலரை முகப்பின் நடுவில் வைத்துக்கொண்டால், கூரை விளிம்பை இடம் 200, வலம் 200 என இரண்டு போர்ட்டுகளாகப் பிரிக்கலாம். முதல் பிக்சலுக்குச் செல்லும் வயர் இரு பக்கமும் குட்டையாகவே இருக்கும். இடப்பக்கச் சரம் நடுவிலிருந்து இடது ஓரத்தை நோக்கி, அதாவது வலமிருந்து இடமாக ஓடுகிறது என்பதை மென்பொருளில் மறக்காமல் குறிப்பிட வேண்டும். மரத்தின் 16 சரங்களையும் நான்கு நான்காகச் சேர்த்து நான்கு போர்ட்டுகளுக்குக் கொடுங்கள். போர்ட்டுக்கு 200 பிக்சல்கள் வரும். நான்கு வளைவுகளையும் ஒரே போர்ட்டில் தொடராகக் கோக்கலாம், அதுவும் 200தான். ஆக ஏழு போர்ட்டுகள் போதும். எட்டுப் போர்ட் கொண்ட கன்ட்ரோலர் வாங்கினால் ஒன்று மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள், பழுதான போர்ட்டுக்கு மாற்றாக அது கைகொடுக்கும்.

ஒவ்வொரு போர்ட்டையும் ஒரு புதிய யுனிவர்ஸின் முதல் சேனலில் தொடங்குங்கள். 200 பிக்சல்களுக்கு இரண்டு யுனிவர்ஸ்கள் தேவை: முதலாவதில் 170, அடுத்ததில் 30. அப்படியானால் இடப்பக்கக் கூரைக்கு யுனிவர்ஸ் 1, 2. வலப்பக்கத்துக்கு 3, 4. மரத்துக்கு 5 முதல் 12 வரை. வளைவுகளுக்கு 13, 14. நெருக்கி அடுக்கினால் ஒன்பது யுனிவர்ஸ்களில் அடங்கியிருக்க வேண்டியதை நாம் பதினான்காக ஆக்கியிருக்கிறோம். இது வீண் என்று தோன்றலாம். ஆனால் அடுத்த முறை கூரையின் இடப்பக்கத்தில் 50 பிக்சல்களைக் கூட்டினாலும் மரத்தின் எண்களோ வளைவுகளின் எண்களோ அசையாது. ஒவ்வொரு போர்ட்டிலும் 340 பிக்சல் வரை இடம் இருக்கிறது. நெருக்கி அடுக்கியவரோ ஒரு சரத்தைக் கூட்டியதற்காக அதன் பின்னால் உள்ள அனைத்தையும் மறுபடி எண்ணிட வேண்டும். யுனிவர்ஸ் எண்களுக்குப் பஞ்சமும் இல்லை: ஈத்தர்நெட் வழியாகச் சேனல்களை அனுப்பும் ஈ1.31 என்ற தரத்தில் 1 முதல் 63,999 வரை எண்கள் உண்டு. நெட்வொர்க் சுமையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு முழு யுனிவர்ஸின் பாக்கெட் (ஒரு தடவையில் அனுப்பப்படும் தரவுக் கட்டு) 638 பைட். பதினான்கு யுனிவர்ஸ்களை நொடிக்கு 40 முறை அனுப்பினாலும் நொடிக்குச் சுமார் 3 மெகாபிட்தான் ஆகும். 100 மெகாபிட் கம்பிவழி இணைப்புக்கு அது ஒரு பொருட்டே அல்ல. உங்கள் கன்ட்ரோலர் எத்தனை யுனிவர்ஸ் வரை ஏற்கும் என்பதை மட்டும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்லைட்ஸின் புதிய பதிப்புகளில் பொருள்களைப் போர்ட் படத்தின் மேல் இழுத்துப் போட்டால் தொடக்கச் சேனலை அதுவே கணக்கிட்டுக் கன்ட்ரோலருக்கும் அனுப்பிவிடும். அந்த வசதியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அது என்ன கணக்கிட்டது என்று படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு மேற்சொன்ன கணக்கும் கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: ஒரே போர்ட்டில் 600 பிக்சல்களை இணைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் முதல் பகுதி சிவப்பாகவும், அடுத்த பகுதி நீலமாகவும், அதற்கடுத்தது பச்சையாகவும் எரிகின்றன. கடைசியில் மீண்டும் சிவப்பு. இடையில் ஓரிரு பிக்சல்கள் எரிவதே இல்லை. சரங்கள் வெவ்வேறு வகையாக இருக்குமோ?

பதில்: சரங்களைக் கழற்ற வேண்டாம், நிறம் மாறும் இடத்தில் நின்று பிக்சல்களை எண்ணிப் பாருங்கள். சிவப்பு 170ஆவது பிக்சலுடன் முடிகிறது, 171 முதல் 340 வரை நீலம், 341 இருட்டு, 342 முதல் 511 வரை பச்சை, 512 இருட்டு, 513இலிருந்து மறுபடி சிவப்பு என்று வந்தால் பழுது எதுவும் இல்லை. மென்பொருள் யுனிவர்ஸுக்கு 510 சேனல்கள் என்ற கணக்கில் அனுப்புகிறது, கன்ட்ரோலர் 512 என்ற கணக்கில் படிக்கிறது, அவ்வளவுதான்.

அது எப்படி என்று ஓர் இடத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். 171ஆவது பிக்சலின் சிவப்புக்கும் பச்சைக்கும் கன்ட்ரோலர் முதல் யுனிவர்ஸின் 511, 512ஆம் சேனல்களைப் பார்க்கிறது. மென்பொருள் அங்கே எதையும் எழுதவில்லை. நீலத்துக்கு இரண்டாவது யுனிவர்ஸின் முதல் சேனலைப் பார்க்கிறது; மென்பொருளோ அங்கே சிவப்பின் மதிப்பை வைத்திருக்கிறது. விளைவாக அந்தப் பிக்சல் நீலமாகிறது, அதற்குப் பின்னால் உள்ளவையும் அப்படியே. ஒவ்வொரு யுனிவர்ஸ் எல்லையிலும் இரண்டிரண்டு சேனலாக நழுவி, மூன்று யுனிவர்ஸ்கள் கடந்ததும் நழுவல் ஆறு சேனலாகி, அதாவது சரியாக இரண்டு பிக்சல்களாகி, நிறம் தற்செயலாகச் சரியாகிவிடுகிறது. ஆனால் இடம் சரியாகவில்லை: 511ஆவது பிக்சலுக்கான கட்டளை 513ஆவதில் தெரிந்துகொண்டிருக்கும். ஒரே நிறத்தை வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படாது. ஒற்றைப் பிக்சல் ஓடுவது போன்ற சோதனையை ஓட்டினால்தான் பிடிபடும். இரு பக்கத்திலும் யுனிவர்ஸ் அளவை ஒரே எண்ணாக, 510 என்றோ 512 என்றோ, அமைத்துவிடுங்கள்.

கேள்வி: 12 வோல்ட் சுருளில் 300 எல்இடிகள் இருக்கின்றன. 900 சேனல்கள் ஒதுக்கினேன். மூன்றில் ஒரு பங்குச் சேனல்களுக்குத்தான் விளக்கு இருக்கிறது போலத் தெரிகிறது.

பதில்: எல்இடியை எண்ணாதீர்கள், அதை இயக்கும் சிப்பை எண்ணுங்கள். டபிள்யூஎஸ்2811 என்ற சிப் கொண்ட பெரும்பாலான 12 வோல்ட் சுருள்களில் மூன்று எல்இடிகளுக்கு ஒரு சிப் என்ற ஏற்பாடு இருப்பதால், மூன்றும் சேர்ந்தே ஒரு பிக்சல். உங்கள் சுருளில் இருப்பவை 100 பிக்சல்கள். தேவை 300 சேனல்கள். சுருளை வெட்டுவதானாலும் மூன்று எல்இடிக்கு ஒருமுறை வரும் குறியிட்ட இடத்தில்தான் வெட்ட முடியும். வெள்ளை எல்இடியும் சேர்ந்த நான்கு வண்ணச் சுருளாக இருந்தால் பிக்சலுக்கு நான்கு சேனல்கள்; அங்கே 512 அழகாக 128 பிக்சல்களாக வகுபட்டுவிடும்.

கேள்வி: ஒரு போர்ட்டில் 1,000 பிக்சல்கள் வரை இணைக்கலாம் என்று என் கன்ட்ரோலரின் விவரக்குறிப்பு சொல்கிறது. அப்படியானால் என் 800 பிக்சல் மரத்தை ஒரே போர்ட்டில் முடித்துவிடலாமே. எதற்கு நான்கு போர்ட்டுகள்?

பதில்: அந்த 1,000 என்பது தரவுக்கான எல்லை. மின்சாரத்தைப் பற்றியோ அசைவின் வேகத்தைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை.

முதலில் வேகம். டபிள்யூஎஸ்2811, டபிள்யூஎஸ்2812பி போன்ற சிப்களுக்குத் தரவு 800 கிலோஹெர்ட்ஸில் செல்கிறது. அதாவது ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ நொடி. ஒரு பிக்சலுக்கு 24 பிட்கள் என்பதால் 30 மைக்ரோ நொடி. 800 பிக்சல்களுக்கு 24 மில்லி நொடி ஆகிவிடுகிறது. நொடிக்கு 40 ஃபிரேம் (காட்சி மாறும் ஒவ்வொரு படம்) என்றால் ஒரு ஃபிரேமுக்கு 25 மில்லி நொடிதான் கிடைக்கும். ஃபிரேம்களுக்கு இடையே சிப்கள் கேட்கும் இடைவெளியையும் சேர்த்தால் நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். 1,000 பிக்சல்களில் 30 மில்லி நொடி ஆகும், 40 ஃபிரேம் நடக்கவே நடக்காது. நொடிக்கு 20 ஃபிரேம் போதும் என்பவருக்கு 50 மில்லி நொடி கிடைப்பதால் நெருக்கடி இல்லை. ஆனால் போர்ட்டுகள் ஒன்றுக்கொன்று காத்திராமல் ஒரே நேரத்தில் தரவை அனுப்புபவை. அதே மரத்தை நான்காகப் பிரித்தால் எல்லாம் 6 மில்லி நொடியில் முடிந்துவிடும் எனும்போது, ஒரே போர்ட்டில் திணிப்பதில் என்ன லாபம்?

அடுத்து மின்சாரம். 5 வோல்ட் பிக்சல் ஒன்று முழு வெள்ளையில் சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும் என்று கொள்வது பாதுகாப்பான கணக்கு. 200 பிக்சல்களுக்கே 12 ஆம்பியர் ஆகிறது. கன்ட்ரோலர் போர்ட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் அதற்கு வெகு கீழே இருக்கும். ஆகவே வெளிச்சத்தை முழு அளவில் 30 சதவீதமாகக் குறைத்து ஓட்டுவதையும், சரத்தின் இடையிடையே தனியாக மின்சாரம் ஊட்டுவதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். வேறொரு பவர் சப்ளையிலிருந்து ஊட்டினால், அந்த இடத்தில் முந்தைய பகுதியின் பிளஸ் வயரைத் துண்டித்துவிடுங்கள். கிரவுண்ட் வயரையும் டேட்டா வயரையும் மட்டும் தொடர விடுங்கள். கிரவுண்ட் பொதுவாக இல்லாவிட்டால் டேட்டா தன் அளவுகோலை இழந்து, பிக்சல்கள் கண்டபடி மினுக்கும்.

நான்கு போர்ட்டுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிக்சல்களில் தரவு ஒருவரிடமிருந்து ஒருவராகக் கைமாறிச் செல்வதால், நடுவில் ஒன்று பழுதானால் அதற்குப் பின்னால் உள்ள அனைத்தும் நின்றுவிடும். ஒரே போர்ட்டில் 800 என்றால் பத்தாவது பிக்சல் பழுதாகும்போது முழு மரமும் போய்விடும்.

கேள்வி: ஆர்ட்நெட்டில் (ஈ1.31 போலவே நெட்வொர்க் வழியாகச் சேனல்களை அனுப்பும் இன்னொரு முறை) அனுப்பினால் ஒவ்வொரு பொருளின் காட்சியும் அதற்கு அடுத்த பொருளில் தெரிகிறது. ஈ1.31இல் அப்படி இல்லை.

பதில்: ஆர்ட்நெட்டின் யுனிவர்ஸ் எண்கள் 0இல் தொடங்குகின்றன, ஈ1.31இன் எண்கள் 1இல் தொடங்குகின்றன. மென்பொருள், கன்ட்ரோலர் இரண்டில் ஒன்று 0இலிருந்தும் மற்றது 1இலிருந்தும் எண்ணிக்கொண்டிருக்கிறது. ஏதாவது ஒன்றை நகர்த்துங்கள். புதிய அமைப்பு என்றால், உங்கள் கன்ட்ரோலர் டிடிபி என்ற மற்றொரு அனுப்பும் முறையை ஏற்குமா என்று பாருங்கள். அதில் யுனிவர்ஸ் என்ற பிரிவே இல்லை. சேனல்கள் ஒரே நீண்ட வரிசையாகச் செல்லும், வழக்கமாக ஒரு பாக்கெட்டில் 480 பிக்சல்கள் அடங்கும். மேலே உள்ள தலைவலிகளில் பாதி அதில் எழுவதே இல்லை.

கேள்வி: கன்ட்ரோலருக்கும் முதல் பிக்சலுக்கும் நடுவில் நீண்ட வயர் போட்டதால் மினுக்கல் வந்தது. நண்பர் சொன்னபடி நடுவில் ஒரு பிக்சலைச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றிவிட்டேன். மினுக்கல் நின்றது, ஆனால் காட்சி முழுவதும் ஒரு பிக்சல் தள்ளிப் போய்விட்டது.

பதில்: நண்பர் சொன்னது சரியான வைத்தியம்தான். ஒவ்வொரு பிக்சலும் தரவைப் புதிதாகச் செப்பனிட்டே அடுத்ததற்கு அனுப்புவதால், நடுவழியில் ஒன்று இருந்தால் சமிக்ஞை வலுவாகவே போய்ச் சேரும். ஆனால் நீங்கள் டேப் சுற்றியது கன்ட்ரோலருக்குத் தெரியாது. முதல் மூன்று சேனல்களை அந்த மறைந்த பிக்சலுக்கே கொடுத்துவிடுகிறது. அதன் அமைப்புப் பக்கத்தில் போர்ட்டுக்கான ‘நல் பிக்சல்’ (null, அதாவது கணக்கில் சேராத பிக்சல்) என்ற இடத்தில் 1 என்று நிரப்புங்கள். அப்போது அந்தப் பிக்சலுக்குச் சேனல் எதுவும் ஒதுக்காமல் இருட்டாகவே வைத்திருக்கும். மென்பொருளிலும் அதே ஒன்றைக் கழித்துவிட்டால் காட்சி மறுபக்கமாகத் தள்ளிப் போகும் என்பதால் ஓரிடத்தில் மட்டும் செய்யுங்கள். தூரம் பல பத்து மீட்டர்கள் என்றால் இந்த முறை போதாது; தரவை இரட்டைக் கம்பி வேறுபாட்டுச் சமிக்ஞையாக அனுப்பும் போர்டும், மறுமுனையில் அதற்கான ரிசீவரும் தேவை. அவற்றை நெட்வொர்க் கேபிளால்தான் இணைப்பார்கள். ஆனால் அதில் ஓடுவது நெட்வொர்க் தரவு அல்ல. தவறியும் அதை நெட்வொர்க் சுவிட்ச்சில் சொருகிவிடாதீர்கள், இரண்டில் ஒன்று பழுதாகலாம்.

கேள்வி: இரண்டாவது கன்ட்ரோலர் வாங்கியிருக்கிறேன். யுனிவர்ஸ் எண்களை முதலாவது முடிந்த இடத்திலிருந்து தொடர வேண்டுமா? இரண்டையும் வைஃபையில் இணைக்கலாமா?

பதில்: தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் கன்ட்ரோலருக்கு 101இலிருந்து, இரண்டாவதற்கு 201இலிருந்து என்று நூறு நூறாக ஒதுக்கினால், எண்ணைப் பார்த்தவுடனேயே எந்தப் பெட்டி என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் மாறாத ஐபி முகவரி கொடுங்கள். ரவுட்டர் தானாக வழங்கும் முகவரியை நம்பினால், அது ஒருநாள் மாறும்போது கன்ட்ரோலர் காணாமல் போனதாகத் தோன்றும்.

தரவை யூனிகாஸ்ட் முறையில், அதாவது ஒவ்வொரு கன்ட்ரோலரின் முகவரிக்கும் நேராக அனுப்புவதே நல்லது. கேட்கும் கன்ட்ரோலர்கள் எல்லாம் பெறும்படி பொதுவாக அனுப்பும் மல்டிகாஸ்ட்டில் முகவரி கொடுக்க வேண்டியதில்லை என்ற வசதி உண்டு. யுனிவர்ஸ் எண்ணே முகவரியாக மாறிவிடும். யுனிவர்ஸ் 101 என்றால் 239.255.0.101, யுனிவர்ஸ் 300 என்றால் 239.255.1.44. ஒரே யுனிவர்ஸை இரு கன்ட்ரோலர்களும் கேட்கும்படி செய்து, இடமும் வலமும் ஒரே காட்சியைக் காட்டவும் இதனால் முடியும். ஆனால் வைஃபையில் மல்டிகாஸ்ட் பொதுவாக மிகக் குறைந்த வேகத்தில், போய்ச் சேர்ந்ததா என்ற உறுதிப்பாடு இல்லாமல் அனுப்பப்படுகிறது. தவறிய பாக்கெட் தவறியதுதான். நூறு இருநூறு பிக்சல் கொண்ட சிறு பொருளை வைஃபையில் ஓட்டலாம். முழு மரத்தைக் கம்பியில் இணையுங்கள்.

கேள்வி: மரத்தின் சரங்களை மேலும் கீழுமாக மாற்றி மாற்றிக் கோத்திருக்கிறேன். மென்பொருளிலும் அப்படியே குறித்தேன், கன்ட்ரோலரிலும் குறித்தேன். இன்னும் படம் சிதைந்தே தெரிகிறது.

பதில்: இரண்டு இடத்தில் திருப்பியதால் பழைய நிலைக்கே வந்துவிட்டது. கன்ட்ரோலரில் உள்ள வளைவரிசை (சரங்கள் மேலும் கீழுமாக மாறி மாறி ஓடுவது) அமைப்பை நீக்கிவிட்டு, மென்பொருளில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் முன்னோட்டமும் வயரும் அப்போதுதான் ஒத்துப்போகும். நிற வரிசையிலும் இதே கவனம் தேவை: டபிள்யூஎஸ்2812பி சிப்கள் பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையை எதிர்பார்ப்பவை, அந்த மாற்றத்தையும் ஓரிடத்தில் மட்டும் செய்யுங்கள், அதைக் கன்ட்ரோலரின் போர்ட் அமைப்பில் செய்வது நல்லது. பிறகு ஒவ்வொரு சரத்தின் முதல் பிக்சலை மட்டும் பச்சையாக, கடைசிப் பிக்சலை மட்டும் சிவப்பாக எரியவிட்டுப் பாருங்கள். முதல் சரத்தில் பச்சை கீழே இருந்தால் இரண்டாவதில் மேலே இருக்க வேண்டும். எந்தச் சரத்தில் அந்த மாற்று வரிசை முறிகிறதோ, அதற்கு முந்தைய சரத்தில் ஒரு பிக்சல் கூடவோ குறையவோ கோக்கப்பட்டிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். 50 என்று விற்கப்படும் சரங்களை வெட்டி ஒட்டும்போது 49ஆகவும் 51ஆகவும் ஆகிவிடுவது உண்டு.